முள் அசையாத எடை

கறிக்கடைக்காரருக்கு அந்தத் தெருவில் கொசுறுக்காரர் என்றுதான் பேர். ஒரு கிலோ ஆட்டுக்கறி கேட்டால், தராசு முள் ஒரு கிலோவில் வந்து நின்ற பிறகும் அவர் கை நிற்காது. ஒரு துண்டு நெஞ்செலும்பு, ஒரு விள்ளல் ஈரல், எதையாவது எடுத்துத் தட்டில் எறிவார். "புள்ளைங்க சாப்பிடட்டும், கொண்டு போங்க" என்பார். அடி விஷயத்திலும் அவர் கருமி இல்லை. ஓர் அறைக்கு உரிய ஆள் அவரிடம் அகப்பட்டால், அறையோடு இரண்டு குத்தும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வீடு போய்ச் சேர வேண்டும். தெருக்காரர்கள் அவரைக் கொசுறுக்காரர் என்று கூப்பிட்டது முதுகுக்குப் பின்னால்தான்.

அவருக்கு ஒரு பையன், எட்டு வருஷம் கழித்து ஒரு பெண். பெண் பிறந்ததும் தெருவுக்கே கறி கொடுத்தார். அப்புறம் குழந்தையின் காலைப் பார்த்தார். மெலிந்த கால், பிடித்தால் விரலுக்குள் அடங்கிவிடும். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ், "எலும்புக்குச் சத்து கம்மியா இருக்கு, வைட்டமின் டி சொட்டு மருந்து வாங்கிக் குடுங்க" என்று சொன்னாள். எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து அவர் மனைவியிடம் கொடுத்து, "தினம் ஒரு சொட்டும்மா. ஒரே ஒரு சொட்டு" என்று விரலை நீட்டிக் காட்டினார். எலும்பை வைத்துப் பிழைக்கிற மனிதனின் மகளுக்கு எலும்பில் குறை என்பதை அந்தத் தகப்பனால் ஜீரணிக்க முடியவில்லை.

பக்கத்துத் தையற்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவரைப் பார்த்து, "அண்ணே, ஊருக்கெல்லாம் எலும்பு எலும்பா வெட்டிக் குடுக்குறீங்க, உங்க பொண்ணு கால்ல ஒண்ணையும் காணோமே" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். குழந்தையை மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்த கறிக்கடைக்காரர், தையற்காரரைத் தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு சேர்த்து இழுத்து நடுத்தெருவில் போட்டு மிதித்தார். தலையைப் பிடித்து நடைபாதை விளிம்பில் மோதினார். மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே நடந்தது இது. தையற்காரருக்கு இன்றைக்கும் இடது காது சரியாகக் கேட்பதில்லை. விலக்கிவிட ஒரு ஆள் வரவில்லை. வந்தால் அவனுக்கும் கொசுறு உண்டு என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டில் மூடியோடு ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதை அழுத்தி, ஒரு சொட்டைக் குழந்தையின் நாக்கில் விட்டாள்.

"இந்தா, என்ன இது? பெரியவனுக்கு இதே மருந்து குழாய் நிறையக் குடுத்தோமே."

"மெடிக்கல் சார் ஒரு சொட்டுன்னுதாங்க சொன்னாரு."

அவர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். நானூறு யூனிட் என்று போட்டிருந்தது. பெரியவனின் பாட்டிலிலும் நானூறுதான், நன்றாக நினைவிருந்தது. அதே மருந்து, அதே நானூறு. பையனுக்குக் குழாய் நிறைய, பெண்ணுக்கு ஒரு சொட்டா?

"அதிகமாயிடப் போகுதுங்க" என்றாள் மனைவி. அவர் கை ஓங்கினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் கேள்வி கேட்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டிருந்தாள். இன்றைக்கு ஏதோ மறந்துபோய்க் கேட்டுவிட்டாள்.

ஆனாலும் அந்த வார்த்தை அவரைக் கொஞ்சம் உறுத்தியது. மறுநாள் பாட்டிலைக் கடைக்குக் கொண்டுபோய், குழாய் நிறைய உறிஞ்சி, தராசுத் தட்டில் பீய்ச்சினார். கடிகாரம் போல வட்ட முகம் வைத்த தராசு அது. ஒரு முழு ஆட்டையே எடை போட்டுவிடும். முள் இம்மியும் அசையவில்லை. அவர் சிரித்துவிட்டார். முள்ளையே அசைக்காத எடை மனுஷனை என்ன செய்துவிடும்? விரலால் வழித்து நக்கிக்கூடப் பார்த்தார். எண்ணெயாக இருந்தது, லேசாக ஆரஞ்சு வாசம்.

அதிலிருந்து காலையில் மனைவி ஒரு சொட்டு கொடுப்பாள். சாயங்காலம் கடை அடைத்துவிட்டு வந்து, அவள் அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து, அவர் ஒரு குழாய் கொடுப்பார். குழந்தை லேசில் வாய் திறக்காது. இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு கன்னத்திலும் வைத்து அமுக்கினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஆட்டுக்கு மருந்து புகட்டுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தை. குழந்தை வீறிட்டு அழும், துப்பப் பார்க்கும். அவர் மூக்கைப் பிடிப்பார். மூச்சுக்குத் திணறி விழுங்கிவிடும். "அவ்வளவுதான், அவ்வளவுதான் என் தங்கம்" என்று முத்தம் கொடுப்பார். அன்பில் அவருக்குக் குறை சொல்ல முடியாது. அந்த அன்பைத்தான் குழந்தையால் தாங்க முடியவில்லை.

பாட்டில் காலியானால் அவரே போய் இன்னொன்று வாங்கி வந்து அதே இடத்தில் வைத்துவிடுவார். மருந்துக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். மூன்றாவது பாட்டிலும் வந்தது.

குழந்தை முதலில் பால் குடிப்பதைக் குறைத்தது. அப்புறம் குடித்ததையெல்லாம் கக்கியது. மலம் போகவில்லை. மூத்திரம் மட்டும் ஓயாமல் போனது. அழுதுகொண்டே இருந்த குழந்தை ஒருநாள் அழுவதையும் நிறுத்தி, துவண்டு, கண்ணை மட்டும் பாதி திறந்து கிடந்தது. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரத்தத்துல கால்சியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. வைட்டமின் டி அளவு மீறினா இப்படி ஆகும். கிட்னி திணறுது. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாளா குடுத்தீங்க? அது தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன செய்யணும்னு நான் முடிவு பண்ண முடியும்."

மனைவி அவரைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். "காலையில ஒரு சொட்டு, டாக்டர்."

"ஒரு சொட்டுல இப்படி ஆகவே ஆகாது. ஒண்ணு, பாட்டில்ல இருக்குற மருந்தே தப்பா இருக்கணும். இல்லேன்னா யாரோ அதிகமாக் குடுத்திருக்கணும். பாட்டிலைக் கொண்டு வாங்க. உடனே. தாமதம் பண்ணினா குழந்தை நமக்கு இல்லை."

டாக்டரம்மா இரண்டு சொன்னார். கறிக்கடைக்காரர் காதில் ஒன்றுதான் விழுந்தது. மருந்தே தப்பு. இரண்டாவது எங்கோ ஓர் ஓரத்தில் உறுத்தியது உண்மைதான். ஆனால் அதைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. யாரையாவது அடித்தால்தான் அது அடங்கும் போல இருந்தது. இந்த மாதிரி ஆட்களின் கோபம் பெரும்பாலும் பயம்தான், அதைச் சொன்னால் அதற்கும் அடிப்பார்கள்.

வீட்டுக்குப் போய்ப் பாட்டிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை. நேரே தன் கடைக்குப் போனார். கடைப் பையனிடம் கறி வாங்க நின்றவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, மரக்கட்டையில் கொத்தி நின்ற வெட்டுக்கத்தியைப் பிடுங்கினார். "எங்கண்ணே?" என்று ஒருவர் கேட்டார். முழங்கையால் அவர் முகத்தில் ஒன்று விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தார்.

மருந்துக்கடையில் கண்ணுக்கு மருந்து வாங்க வந்த ஒரு அம்மா நின்றிருந்தாள். கத்தியைப் பார்த்ததும் மருந்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடினாள். மருந்துக்கடைக்காரர் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஏதோ அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்வதற்குள் கண்ணாடி மேஜைக்கு மேலாக ஒரு கை வந்து அவர் கழுத்துப் பட்டியைப் பிடித்துவிட்டது.

"டேய், என்ன மருந்துடா குடுத்த என் பொண்ணுக்கு?"

பதில் வருவதற்குள் முதல் குத்து வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. இரண்டாவது குத்தில் மூக்குக்கண்ணாடி பறந்து போனது. மருந்துக்கடைக்காரர் கைப்பேசியை எடுக்கப் பார்த்தார். கறிக்கடைக்காரர் அதைத் தன் பக்கம் தட்டிவிட்டுக் காலால் மிதித்து நசுக்கினார். மேஜையைத் தாண்டி உள்ளே குதித்து, அவரைத் தூக்கி அலமாரியில் எறிந்தார். இருமல் மருந்துப் பாட்டில்கள் சரிந்து, உடைந்து, சிவப்பும் பச்சையுமாகத் தரையில் ஓடின. குதித்த வேகத்தில் தன் சட்டைப் பையிலிருந்த பாட்டில் உடைந்து நெஞ்சைக் கிழித்ததும், எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து வழிந்ததும் அவருக்கு உறைக்கவே இல்லை. கடை முழுக்க ஆரஞ்சு வாசம் மட்டும் வந்தது.

"என் பொண்ணு சாகக் கிடக்குறாடா! தப்பு மருந்து குடுத்தியா இல்லையா? சொல்லு!"

"அண்ணே, ஒரு சொட்டுன்னு... நான் ஒரு சொட்டுன்னுதான்..."

"எவன்டா சொட்டைக் கேட்டான்?"

மருந்துக்கடைக்காரரின் வலது கையை இழுத்து மேஜையின் இரும்பு விளிம்பில் வைத்தார். கத்தியை ஓங்கினார். மருந்துக்கடைக்காரர் அலறினார். கடைசி நொடியில் கறிக்கடைக்காரர் கத்தியைத் திருப்பி, அதன் முதுகுப் பக்கத்தால் இறக்கினார். கொல்ல வேண்டாம் என்று நினைத்தாரோ, பழக்கதோஷமோ, தெரியாது. மூன்று விரல்கள் நொறுங்கின. எலும்பு உடைகிற சத்தத்தில் பொழுது விடிந்து பொழுது சாய்கிற மனிதர் அவர். ஆனால் சூடுள்ள கைக்குள் உடைகிற எலும்பின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. அவர் கையே ஒரு நொடி தயங்கியது.

அந்த ஒரு நொடியில் மருந்துக்கடைக்காரர் தரையில் சரிந்து உட்கார்ந்தார். நொறுங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வலியில் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவர் கறிக்கடைக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணெய் வழிந்த சட்டையைப் பார்த்தார்.

"எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"என்னடா?"

"இந்த மூணு விரல் போனது போகட்டும். பாப்பாவுக்கு எவ்வளவு குடுத்தீங்க? அம்மா ஒரு சொட்டு குடுத்தாங்க. நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"

கறிக்கடைக்காரர் மறுபடி கத்தியை ஓங்கினார். இந்த முறை கூர்ப்பக்கம் கீழே இருந்தது.

"வெட்டுங்க. வெட்டிட்டா டாக்டருக்கு யார் சொல்றது? அந்தப் பாட்டில் ஒரு குழந்தைக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல வரும், அண்ணே. கெட்டுப்போற தேதி வந்து தூக்கிப் போடுவாங்களே ஒழிய, காலி பண்ண மாட்டாங்க. நீங்க மூணு வாங்கிட்டுப் போயிருக்கீங்க."

வெளியே கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தரும் உள்ளே வரவில்லை. தையற்காரர் தன் கடை வாசலில் நின்று, கேட்கிற காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"குழாய் நிறைய" என்றார் கறிக்கடைக்காரர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பெரியவனுக்குக் குடுத்த மாதிரி. அதுவும் நானூறுதான், இதுவும் நானூறுதான். நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

"நானூறு சரி. எதுல நானூறு? பெரியவன் மருந்துல குழாய் நிறைய ஊத்தினாத்தான் நானூறு. அது தண்ணி மாதிரி. இது கெட்டி மருந்து. இதுல ஒரு சொட்டுலயே நானூறு. பாட்டில்லயே போட்டிருக்கு, நானூறுக்குப் பக்கத்துல, சின்ன எழுத்துல. ஒரு குழாய்க்கு முப்பது சொட்டு புடிக்கும். ஒரு மாசத்து மருந்தை நீங்க ஒரே நாள்ல குடுத்துட்டு, மறுநாளும் அதையே குடுத்திருக்கீங்க."

"நான் எடை போட்டேன்யா!" என்று கத்தினார் கறிக்கடைக்காரர். "தராசுல ஊத்திப் பாத்தேன். முள்ளு அசையல."

மருந்துக்கடைக்காரர் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் போட்டார். ரத்தம் தோய்ந்த எச்சிலைத் துப்பினார்.

"உங்க தராசுல எப்படி அசையும்? ஒரு கிராமை ஆயிரமா வெட்டுங்க, அதுல ஒண்ணு மில்லிகிராம். அந்த ஒண்ணை எடுத்து மறுபடி ஆயிரமா வெட்டுங்க, அதுல ஒண்ணு மைக்ரோகிராம். அந்த மாதிரி பத்துதான் நானூறு யூனிட். அதுதான் உங்க பொண்ணுக்கு ஒரு நாளைக்கு. உலகத்துல எந்தக் கறிக்கடைத் தராசு அதைக் காட்டும்? எடை இல்லேன்னு மருந்தை லேசா நினைக்காதீங்கண்ணே. சில வைட்டமின் தண்ணியில கரையும், கொஞ்சம் மிஞ்சினா மூத்திரத்துல போயிடும். இது கொழுப்புல கரையுறது. கொழுப்பு எப்படின்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? போய் ஒட்டிக்கும், சேந்துக்கிட்டே இருக்கும். எலும்புக்குப் போக வேண்டிய சுண்ணாம்பு ரத்தத்துல ஏறி, கிட்னியில போய்ப் படியும்."

கறிக்கடைக்காரர் கத்தி பிடித்த கையைக் கீழே விட்டார். தினமும் ஆட்டுச் சிறுநீரகத்தை மூடிய கொழுப்பை விரலால் உரித்து எடுக்கிறவர் அவர். கையில் வழவழவென்று ஒட்டி, எத்தனை கழுவினாலும் போகாத கொழுப்பு. இந்தக் கொடுமையைப் புரிந்துகொள்ள அவருக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. அது பொறுக்காமல் மறுபடி கத்தினார்.

"அப்ப நீ ஏன்யா கேக்கல? மூணு பாட்டில் குடுத்தியே! ரெண்டாவதுலயே ஏன்யா கேக்கல?"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெருவைக் காட்டினார்.

"தையற்காரரை அந்த இடத்துலதான் போட்டு மிதிச்சீங்க. இங்க நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாப்பாவோட காலைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதுக்கு அந்த அடி. மூணாவது பாட்டில் கேட்டப்போ எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. என்னண்ணே, இவ்வளவு சீக்கிரம் தீருதேன்னு. கேக்கல. பயந்தாங்கொள்ளி நான். பயந்துபோய் மருந்தை எடுத்துக் குடுத்தேன்."

கறிக்கடைக்காரருக்கு அதற்கு மேல் அடிக்க யாரும் இல்லை. சுற்றிலும் பார்த்தார். கண்ணாடித் தூளும் மாத்திரை அட்டைகளும் கிடந்தன. மருந்துக்கடைக்காரர் இடது கையால் அந்தக் குப்பையைத் துழாவி, உடையாத பாட்டில் ஒன்றை எடுத்தார். அதே மருந்து. மேஜையைப் பிடித்துத் தள்ளாடி எழுந்தார்.

"வாங்க, போகலாம்."

"நீ எதுக்கு?"

"எனக்கும் ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும்? விரலைப் பாருங்க. அதோட, நீங்க போய் உண்மையைச் சொல்லுவீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

கத்தியையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் கறிக்கடைக்காரர் தன் கடை வாசலில் நின்ற பைக்கில் ஏறினார், கையில் அது இருந்ததையே அவர் மறந்திருந்தார். பின்னால் மருந்துக்கடைக்காரர் நல்ல கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முனகினார். விழாமல் இருக்க, தன்னை அடித்தவனைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குழந்தை இருந்த அறைக்கு வெளியே மனைவி டாக்டரம்மாவின் எதிரில் நின்றிருந்தாள். கணவர் சட்டையில் ரத்தமும் கையில் கத்தியுமாக வருவதைப் பார்த்தாள். பின்னால் மருந்துக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று டாக்டரம்மாவின் பக்கம் திரும்பி, "நான்தான் டாக்டர், நான்தான் குடுத்தேன். ரெண்டு மூணு சொட்டு கூடக் குடுத்திருப்பேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று பொரிந்து தள்ளினாள். இன்னொரு உயிர் போகாமல் இருக்கட்டும் என்று அவள் எடுத்துக்கொண்ட பழி அது.

டாக்டரம்மா யோசித்தார். "ரெண்டு மூணு சொட்டுக்கு இப்படி வராதேம்மா. அப்ப இது வேற ஏதோ நோய். அந்த வழியில பாக்கணும்" என்று நர்ஸிடம் ஏதோ சொல்லத் திரும்பினார்.

கறிக்கடைக்காரர் பேசாமல் நின்றார். பேசாமல் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். மனைவி வாயால் சொல்லிவிட்டாள், டாக்டர் காதில் வாங்கிக்கொண்டார். அவர் அப்படி நினைத்தார், அதை மறைத்துப் பயனில்லை. மருந்துக்கடைக்காரர் பாட்டிலை நீட்டி வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து குழந்தை ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. கக்குவதற்கு வயிற்றில் ஒன்றும் இல்லாத வறட்டு ஓங்கரிப்பு.

"குழாய் நிறைய" என்றார் கறிக்கடைக்காரர். "தினம் சாயங்காலம். மூணு பாட்டில். நான்தான் குடுத்தேன். அவ இல்ல."

டாக்டரம்மா பாட்டிலை வாங்கினார். எழுத்தைப் படித்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே ஓடிக்கொண்டே கட்டளைகளை அடுக்கினார். சலைன் வேகத்தைக் கூட்டச் சொன்னார், ஏதோ ஊசியின் பேர் சொன்னார், பாலை நிறுத்தச் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது.

மனைவி அவரைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "சாயங்காலம் பாப்பா வாயில ஆரஞ்சு வாசம் வரும். கன்னத்துல உங்க விரல் பட்ட செவப்பு இருக்கும். முந்தின நாள் அடியில கெடந்த மருந்து மறுநாள் கழுத்து வரைக்கும் இருக்கும். எல்லாம் பாத்தேன். கேட்டா அடிப்பீங்கன்னு கேக்கல. அடிக்குப் பயந்து என் புள்ளையைக் குடுத்துட்டேன்."

வெந்நீர் ஃபிளாஸ்க் அவள் கையில் இருந்தது. கனமான எஃகு ஃபிளாஸ்க். அதை வைத்து அவர் முகத்தில் அடித்தாள். புருவம் பிளந்தது. மறுபடி அடித்தாள். தாடையில், காதில், தோளில், எங்கே பட்டது என்று பார்க்காமல் அடித்தாள். இத்தனை வருஷம் வாங்கி வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் இறக்கினாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவர் கையில் கத்தி இருந்தது. அந்தக் கை தன்னாலே உயரப் பார்த்தது, பழகிய கை. அவர் விரல்களை விரித்தார். கத்தி தரையில் விழுந்து சுழன்று, மருந்துக்கடைக்காரரின் காலடியில் போய் நின்றது. அவர் அதைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

"போதும்மா" என்று ஒரு நர்ஸ் ஓடிவந்து பிடித்தாள்.

"போதாது" என்றாள் அவள். ஃபிளாஸ்க் நெளிந்துபோகும் வரை அடித்தாள்.

போலீஸ் வந்தபோது அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது. எழுந்து கையை நீட்டினார். கூட்டிக்கொண்டு போகும்போது அறைக் கதவு கொஞ்சம் திறந்தது. நர்ஸ் ஒரு ஊசியோடு குழந்தையின் பக்கம் குனிய, அவர் மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "இது என்ன மருந்து? எவ்வளவு? எதுக்கு அவ்வளவு?" என்று கேட்டாள். அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. நர்ஸ் நின்று, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

குழந்தை பிழைத்தது. பல நாள் அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, ஊசிக்குத்து இல்லாத இடம் உடம்பில் இல்லை என்று ஆன பிறகு பிழைத்தது. கிட்னியில் படிந்த சுண்ணாம்பு அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வளர வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரரின் மூன்று விரல்களில் ஒன்று மடங்காது. அவர் இப்போது ஒரே மருந்தை இரண்டாம் தடவை கேட்கிற ஆள் யாராக இருந்தாலும், எவ்வளவு முறைத்தாலும், கேள்வி கேட்காமல் கொடுப்பதில்லை.

சிறையிலிருந்து வந்த அன்று கறிக்கடைக்காரர் நேரே வீட்டு வாசலுக்குப் போனார். மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளே வழி விடவில்லை.

"நடக்குறாளா?" என்று கேட்டார்.

"நடக்குறா."

"கால்?"

"அப்படியேதான் இருக்கு. மெலிஞ்ச கால்தான். அதுலதான் நடக்குறா."

"ஒரு தடவை தொட்டுக்கட்டுமா?"

அவள் யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் மெதுவாக, மிக மெதுவாக, கன்னத்தை நோக்கி இடது கையை நீட்டினார். குழந்தைக்கு அவர் முகம் நினைவில்லை. கை நினைவிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பக்கத்தில் வந்ததும், இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து, பல்லால் கவ்வி, வாயை இறுக்கி மூடிக்கொண்டது. அழவில்லை. மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு, அந்தக் கையையே பார்த்தது.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மனைவி குழந்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக் கதவைச் சாத்தினாள்.